மை பார்த்த பிள்ளையின் பதில்

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "சேர், எங்கட பெரியம்மாவின் மகன் 2007இல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பெரியம்மா மாதம் ஒருமுறை மை பார்க்கிற ஐயா ஒருவரிடம் போகிறா. அண்ணாவின் காலில் தழும்பு இருக்கு, பேரில் 'க' வரும், வீட்டுக்கு முன்னால் மரம் நிற்குது என்று முதல்நாளே சொன்னாராம். அண்ணா உயிரோடு இருக்கிறார், தெற்குப் பக்கம் அடைபட்டிருக்கிறார் என்கிறார். நானும் ஒருநாள் கூடப் போனேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. ஞானக்கண் என்று ஒன்று இல்லவே இல்லையா? விஞ்ஞானம் இதைப் பார்க்காமலே பொய் என்கிறதா?"

இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிற நாம் மறுத்துக் காட்ட வேண்டிய கடமை இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இதைக் காட்டச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஏமாற்றவோ ஏமாறவோ இடமில்லாத ஏற்பாட்டில், மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தும் நிலைக்கும்படி, இதுவரை ஒருவரும் காட்டவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஆனால் "தெற்குப் பக்கம்" என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் கண்ட பிறகு என்னால் இதோடு நிறுத்த முடியவில்லை. அந்தச் சொல்லை ஒருமுறை நானே சொல்லியிருக்கிறேன். மையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. வீடு திருக்கடலூரில், கடலுக்குக் கூப்பிடு தூரம். ஐப்பசியில் காற்று மாறுகிற நேரத்தில் சித்தப்பாவும் வேறு இரண்டு பேரும் வள்ளத்தில் போனார்கள். வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. சித்திக்கு அப்போது இருபத்து நாலு வயதிருக்கும், கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. எட்டாம் நாள் அப்பம்மா என்னைத் தலைமுழுக வார்த்து, திருநீறு பூசி, குடாவுக்கு அக்கரையில் இருந்த மை பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனா. அஞ்சனம் பார்க்க ஒரு பிள்ளை வேண்டும். பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியாது, கள்ளங்கபடு இல்லாத பிள்ளைக்குத்தான் தெரியும் என்பார்கள்.

இருட்டறை. சாம்பிராணிப் புகை. இடப்பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. வெற்றிலையில் தடித்த கரிய மை, எண்ணெய் மினுக்கத்தோடு. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி அவர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். "கண் வெட்டாமல் பார் தம்பி. இப்ப ஒராள் வந்து நிலம் கூட்டுவார். தெரியுதோ?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மந்திரம் தொடர்ந்தது. "வடிவாப் பார். கூட்டுறார் என்ன?" கண் எரிந்தது, மை அசைவது போல இருந்தது. "ஓம்" என்றேன். பின்னால் நின்ற அப்பம்மாவின் மூச்சு மாறியதைக் கேட்டேன். பிறகு ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் கதிரை கொண்டுவந்து வைத்தார். அனுமார் வந்து இருந்தார். எல்லாவற்றுக்கும் "ஓம்". சொல்லச் சொல்ல உண்மையாகவே ஏதோ தெரிந்தது. ஒரு முகம் வந்தது, கரைந்தது, வேறு முகமாக வந்தது. "சித்தப்பா தெரியுறாரோ?" தெரிந்தார். "எந்தப் பக்கம் நிக்கிறார்?" விளக்கின் ஒளி விழுந்த பக்கத்தைக் காட்டினேன். "அது தெற்கல்லோ!" என்றார் ஐயா. "தெற்கு" என்று நானும் திருப்பிச் சொன்னேன். "உயிரோட தானே?" "ஓம்."

நான் பொய் சொல்லவில்லை தங்கச்சி. அந்த ஐயாவும் என்னை ஏமாற்றுவதாக நினைத்துச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நேர்மையானவர்கள் சேர்ந்து ஒரு பொய்யை உண்டாக்கினோம். அது எப்படி நடந்தது என்பதைப் படித்து அறிய எனக்குப் பல வருடம் பிடித்தது. பௌதிகவியல் படித்து, பிறகு அதையே முப்பது வருடம் படிப்பித்தேன். இடையில் கிடைத்த நேரத்தில் எல்லாம் இந்த விஷயத்தைப் பற்றி வந்ததைத் தேடித்தேடி வாசித்தேன்.

முதலில் அந்த முகம். மங்கலான வெளிச்சத்தில் ஒரே இடத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணின் ஓரத்தில் உள்ளவை மெல்ல மறையும். இதை 1804இலேயே டிரொக்ஸ்லர் என்ற சுவிஸ் வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார். மறைந்த இடத்தை மூளை தன்னிடம் உள்ளதைக் கொண்டு நிரப்பும். 2010இல் இத்தாலியில் கபுத்தோ என்ற உளவியலாளர் ஐம்பது பேரைத் தனித்தனியே மங்கிய அறையில் கண்ணாடி முன் பத்து நிமிடம் இருத்தி, என்ன கண்டீர்கள் என்று கேட்டார். மந்திரம் இல்லை, புகை இல்லை, யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றில் இரண்டு பேர் தங்கள் முகம் கோரமாக உருமாறியதைக் கண்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் விசித்திரமான உருவங்களைக் கண்டார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் தாய் அல்லது தகப்பனின் முகத்தைக் கண்டார்கள், அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கண்டது இறந்துபோன பெற்றோரின் முகம். எண்ணெய் பூசிய கரிய மை ஒரு மங்கல் கண்ணாடிதான். எட்டு நாள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த பத்து வயதுப் பொடியனுக்கு அதில் யாருடைய முகம் வந்திருக்கும்?

அடுத்தது அந்த "ஓம்". இதற்கு ஜேர்மனியில் ஒரு குதிரையின் கதை இருக்கிறது. 1904 அளவில் பேர்லினில் ஃபொன் ஓஸ்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குப் படிப்பித்திருந்தார். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் குளம்பால் பன்னிரண்டு தரம் தட்டும். அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, தந்திரம் எதுவும் இல்லை என்றது. உண்மையில் தந்திரம் இல்லைத்தான். ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்தார்: கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்க வைத்தார். குதிரை பிழை விட்டது. கேட்கிறவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் பிழை விட்டது. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் மயிரிழை அளவு நிமிர்கிறது, குதிரை அதைக் கண்டு தட்டுவதை நிறுத்துகிறது. இதைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்ட் தன் தலை அசைவதைத் தன்னால் நிறுத்த முடியவில்லை என்கிறார். அன்றைக்கு அந்த இருட்டறையில் நான் ஹான்ஸ். அப்பம்மாவின் மூச்சும் ஐயாவின் குரலும் எனக்கு எங்கே "ஓம்" சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தன. குதிரை ஒரு மிருகம், அதற்கே இது பிடிபடுமென்றால் வருடக்கணக்காக அழுகிற தாய்மாரின் முகத்தைப் பார்த்துப் பழகிய ஒருவருக்குப் பிடிபடாதா? அவருக்கே தெரியாமல்கூடப் பிடிபடும்.

மேசை அசைகிறது, தேங்காய் கையில் எழுந்து நின்று நீரோட்டம் காட்டுகிறது என்பவையும் இதே வகைதான். 1853இல் இங்கிலாந்தில் மேசை சுழற்றும் பைத்தியம் பிடித்திருந்தபோது, மின்சாரத்துக்கு அடித்தளம் இட்ட அதே ஃபரடே அதைப் பரிசோதித்தார். கைக்கும் மேசைக்கும் இடையில் வழுக்கக்கூடிய அட்டைகளை அடுக்கினார். ஆவி மேசையைத் தள்ளினால் அடி அட்டை முதலில் நகர வேண்டும். நகர்ந்தது கைக்குக் கீழே இருந்த மேல் அட்டை. கை தள்ளுவதைக் காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்முன் வைத்ததும் மேசை அசைவதே நின்றுவிட்டது. அவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள், தாங்கள் தள்ளவில்லை என்று மனதார நம்பியவர்கள்.

இனி உங்கள் பெரியம்மாவுக்குச் சொன்ன மூன்று அடையாளம். காலில் தழும்பு: நம் ஊரில் சைக்கிள் ஓடிப் பழகி, வேலி பாய்ந்து, கடற்கரைக் கல்லில் விளையாடி வளர்ந்த ஒரு ஆண்பிள்ளையின் காலில் தழும்பு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். வீட்டுக்கு முன் மரம்: அன்புவழிபுரத்தில் எந்த வீட்டுக்கு முன்னால் ஒரு வேம்போ மாவோ முருங்கையோ இல்லை? 'க': கணேசன், கந்தசாமி, கருணாகரன், கிருஷ்ணன், குமார், எல்லாம் அதற்குள் அடங்கும். அவர் "பேரில் வரும்" என்றுதானே சொன்னார்? சிவகுமாரும் லிங்கேஸ்வரனும்கூட உள்ளே வந்துவிடுவார்கள். 'க' வராத ஆள் என்றால் "வீட்டில் கூப்பிடுகிற பேரில்" என்பார், அதிலும் இல்லையென்றால் "கூடப் போன ஆளின் பேரில்" என்பார்.

1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவரின் குணத்தையும் எழுதிக் கையில் கொடுத்தார். எவ்வளவு சரி என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகு தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே தாள். கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோர்த்த வரிகள். நம்முடைய இடங்களிலும் இப்படிப் பழகிய வரிகள் உண்டு. "நீ மற்றவைக்கு எவ்வளவோ செய்தாய், உனக்கு யாரும் செய்யேல்லை." இதைக் கேட்டு இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. "வீட்டில ஒரு பிணக்கு, காணி சம்பந்தமா" என்பதும் அப்படித்தான்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். அடுத்தமுறை போகும்போது, ஐயாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், போனில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஆறுதலாக இருந்து கொப்பியில் ஒவ்வொரு வசனமாக எழுதுங்கள். எது கேள்வி, எது கூற்று என்று பிரியுங்கள். எது சரி, எது பிழை, எது யாருக்கும் பொருந்தும் என்று அடையாளம் இடுங்கள். நாங்கள் வீட்டுக்கு வரும்போது பிழைகள் வழியிலேயே விழுந்துவிடும், சரியானவை மட்டும் கூட வரும். ஒரு மாதம் போனால் அவர் கேட்டதற்குப் பெரியம்மா சொன்ன பதில்கூட "அவர் சொன்னது" என்று மாறியிருக்கும். இது பெரியம்மாவின் குறை இல்லை, மனித நினைவு எல்லாருக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பெரியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போன ஓட்டோக்காரர் யார்? முறைக்காகத் திண்ணையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களோடு என்ன கதைத்தா? திருகோணமலை எவ்வளவு சின்ன ஊர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கனவு பலித்தது, நினைத்த உடனே ஆள் வந்தார் என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறோம். ஒரு கனவு அடுத்தநாள் நடப்பதோடு தற்செயலாக ஒத்துப்போக பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரவில் ஒரு கனவு என்றாலே, ஒவ்வொரு விடியலிலும் இந்த மாவட்டத்தில் முப்பத்தைந்து பேர் "என் கனவு பலித்தது" என்று எழும்புவார்கள். மிச்சப் பேர் வாய் திறக்கமாட்டார்கள், சொல்ல ஒன்றும் இருக்காதே.

விஞ்ஞானம் பார்க்காமலே பொய் என்கிறதா என்று கேட்டீர்கள். அது அநியாயம். இவ்வளவு பொறுமையோடும் செலவோடும் வேறு எந்தச் சந்தேகமான விஷயத்தையும் அது பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பவர் ஐந்து குறி போட்ட 25 சீட்டுகளை வைத்து ஆயிரக்கணக்கான முறை சோதித்தார். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரி ஐந்து சரிவரும். சிலருக்கு அதைவிடக் கூட வந்தது. ஆனால் சில சீட்டுகளின் குறி பின்பக்கத்தில் தெரிந்தது, சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டைகளை அடைத்துத் திரும்பச் செய்தபோது அந்தக் கூடுதல் வரவில்லை. அமெரிக்க இராணுவமும் உளவுத்துறையும் இருபது வருடத்துக்கு மேலாக, ஏறக்குறைய இரண்டு கோடி டொலர் செலவழித்து, தொலைவில் உள்ளதை மனதால் பார்க்கிறவர்களை வைத்துப் பார்த்தன. 1995இல் வெளியாட்களைக் கொண்டு மதிப்பிட்டபோது, அதில் கிடைத்த தகவல் ஒரு உளவு நடவடிக்கையைக்கூட வழிநடத்தியதில்லை என்று தெரிந்து மூடிவிட்டார்கள். எதிரியின் நீர்மூழ்கியைத் தேடுவதற்கு ஞானக்கண் உதவும் என்றால் அந்த நாடு அதைக் கைவிட்டிருக்குமா?

2011இல் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெம், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு ஒன்பது பரிசோதனை செய்து, மனிதரால் வரப்போவதை உணர முடிகிறது என்று மதிப்புள்ள ஒரு ஆய்விதழில் எழுதினார். யாரும் கதவைச் சாத்தவில்லை, அச்சிட்டார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு திரும்பச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இதனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சரி என்று நம்பிய வழமையான முறைகளில் இப்படி ஒரு முடிவு வரலாமென்றால் முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று உளவியல் துறை தன்னையே சோதிக்கத் தொடங்கியது. சாதகத்தையும் விட்டுவைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் வானியலாளர் நார்லிகர் குழு கெட்டிக்காரப் பிள்ளைகளினதும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளினதும் சாதகங்களைக் கலந்து, ஆளுக்கு நாற்பதாகச் சோதிடர்களிடம் கொடுத்தது. 27 பேர் பதில் அனுப்பினார்கள். சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டினால் ஐம்பது வரும்.

நம் நாட்டின் கதைக்கு வருகிறேன், எனக்கு நெருக்கமான பகுதி இது. ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பிறகு கொழும்பில் தேர்ஸ்டன் கல்லூரி வரை ஆசிரியர். 1963இல் ஒரு சவால் விட்டார்: மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டில் ஏதாவது ஒரு அற்புத சக்தியைக் காட்டினால் ஒரு இலட்சம் ரூபா. அன்றைய ஒரு இலட்சம்! 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வாங்கவில்லை. பிறகு அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் வைத்த பரிசு 1996இல் பத்து இலட்சம் டொலராக உயர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தும் 2015இல் அது முடியும்வரை முதற்கட்டத்தைத் தாண்டியவர் இல்லை.

கோவூரின் சவாலில் எனக்கு மிகப் பிடித்தது அவர் நிபந்தனை எழுதிய விதம். ஒட்டி மூடிய உறைக்குள் உள்ள காசுத்தாளின் இலக்கத்தைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, தணலின்மேல் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது. ஏன் "நடக்க வேண்டும்" என்று கேட்கவில்லை? நம் கிழக்கில், பாண்டிருப்பிலிருந்து எத்தனையோ அம்மன் கோயில்களில் ஆயிரக்கணக்கானோர் தீ மிதிக்கிறார்கள், கால் வேகவில்லை. விறகுத் தணலுக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் மிகக் குறைவு. ஒவ்வொரு அடியும் ஒரு கணத்துக்குத்தான் பதிகிறது. அதே சூட்டில் ஒரு இரும்புத் தகட்டில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். நடந்தால் எல்லாருக்கும் முடியும், நின்றால் ஒருவருக்கும் முடியாது. எது சாதாரண விளக்கத்துக்குள் அடங்கும், எது அடங்காது என்ற அந்தக் கோட்டில்தான் அவர் நிபந்தனையை வைத்தார். தீ மிதிக்கிறவரின் பக்தியை இது ஒன்றும் செய்யாது. என் மனைவி மிதித்திருக்கிறா, நான் தீக்குழியின் அந்தப் பக்கத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்றிருக்கிறேன்.

மனம் மாறுவது அவமானம் இல்லை என்பதற்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்ல வேண்டும். 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர்களில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஒருவர். ஐம்பதுகளில் இந்த அதீத சக்திகளுக்கு ஆதாரம் இருக்கிறது என்று அவரும் நினைத்திருந்தார். எண்பதுகளில் இதைப் பற்றித் தொலைக்காட்சித் தொடரே நடத்தினார். இவ்வளவும் பார்த்தபிறகு, தான் ஏறக்குறைய முழுச் சந்தேகவாதியாகிவிட்டதாக எழுதினார். கடலுக்கடியில் கோயில் இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சு உண்மையாயிற்று, ஏனென்றால் யார் இறங்கிப் பார்த்தாலும் கல் அங்கே கிடந்தது. நம்பிக்கையுள்ளவருக்கு மட்டும் தெரிகிற கல்லாக அது இருக்கவில்லை.

ஆனால் ஐயா உண்மையிலேயே தெரிந்தவர் என்றால்? அதையும் நான் மூடிவைக்கவில்லை. சித்திரை மாதம் நிலாவெளிக் கடலில் திமிங்கிலம் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் எந்தத் திசையில் என்று மட்டும் கேட்பேன், அவை வருகிற காலம் அது. கடற்கன்னியைக் கண்டேன் என்றால் அந்த ஒரு சொல் போதாது. இவ்வளவு காலம் எல்லாரும் பார்த்துச் சேர்த்த அறிவைப் புரட்டிப்போடும் கூற்றுக்கு அதற்கேற்ற கனமான ஆதாரம் வேண்டும். அது பெரிய செலவுள்ள வேலையும் இல்லை. பத்துப் பால்மா டின். ஒன்றுக்குள் ஒரு மோதிரம், அது கிலுங்காமல் எல்லாவற்றிலும் பஞ்சு. ஒருவர் தனி அறையில் மோதிரத்தை வைத்து மூடிவிட்டுப் பின்வாசலால் போய்விட வேண்டும். எதில் இருக்கிறது என்று தெரியாத வேறொருவர் டின்களை ஐயாவின் முன் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஹான்ஸின் பாடம் இதுதான், விடை தெரிந்த முகம் ஒன்றும் அறைக்குள் இருக்கக்கூடாது. எதில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பத்துமுறை இப்படி. குருட்டாம்போக்கில் சராசரி ஒன்று சரிவரும். ஐந்து அல்லது அதற்கு மேல் தற்செயலாகச் சரிவர வாய்ப்பு அறுநூறில் ஒன்று. தொடங்குமுன்பே "ஐந்து" என்று எழுதி இருபக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும். முடிந்தபிறகு "நாலும் கிட்டத்தட்டத்தானே", "இன்றைக்கு அட்டமி" என்பது இருக்கக்கூடாது. நல்ல நாளை அவரே தெரிவு செய்யட்டும், பூசையும் செய்யட்டும். மையில் பல மைல் தூரத்து அடைபட்ட ஆளைப் பார்க்கிறவருக்கு நாலடி தூரத்து மோதிரம் கடினமாக இருக்காது.

"சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் இருந்தால் சக்தி வேலை செய்யாது" என்று அவர் சொல்லலாம். அப்படியென்றால் நான் வரவில்லை, நம்புகிறவர்களே நடத்தட்டும். டின் மட்டும் மூடியிருந்தால் போதும்.

இப்போது பெரியம்மா. இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

என் சித்தி அதற்குப் பிறகு பொட்டை அழிக்கவில்லை. அந்தியேட்டி செய்யவில்லை. தெற்குப் பக்கம் என்றதால் மட்டக்களப்பு, கல்முனை, அதையும் தாண்டித் துறைமுகம் துறைமுகமாகப் போனா. தோட்டை விற்றா, வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த காசு போயிற்று. ஐயாவிடம் போகும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திசை, ஒரு கழிப்பு, ஒரு நூல். பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். வருடக்கணக்கில் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பா: "நீதானேடா கண்டனீ? என்ன நிற உடுப்பு எண்டு சொல்லு." நானும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நிறம் சொல்வேன். பதின்மூன்று வருடம் கழித்து, நான் ஆசிரியராகி முதல் சம்பளம் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். சித்தி அழவில்லை. "அப்ப ஏன் ஓம் எண்டனீ?" என்று மட்டும் கேட்டா. அடுத்த ஆடி அமாவாசைக்கு மகனைக் கோணேசர் தீர்த்தத்துக்கு அனுப்பினா.

இதைச் சொல்வதால் உங்கள் அண்ணாவுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். கடல் கொண்டுபோனது வேறு, மனிதர் கொண்டுபோனது வேறு. உங்கள் அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள். 2017 முதல் நம் ஊர்த் தெருவோரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த தாய்மார் கேட்டது அதைத்தான். "செத்துப்போனார், சான்றிதழ் தருகிறோம்" என்று அரசாங்கம் சொன்னபோது அவர்கள் வாங்கவில்லை. எப்படி, எங்கே, யார், காட்டுங்கள் என்றார்கள். வெறும் சொல்லை ஏற்கமாட்டோம் என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொன்ன பெண்கள் அவர்கள். பெரியம்மாவும் அதில் இருந்திருப்பா என்று நினைக்கிறேன். அதே கேள்வியை அந்தத் திண்ணையிலும் கேட்க அவவுக்கு உரிமை இருக்கிறது. "உயிரோடு இருக்கிறார்" என்பதும் ஒரு வெறும் சொல்தான். மாதம் ஒருமுறை காசு கொடுத்து வாங்குகிற சொல்.

காத்திருப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். காத்திருக்க மை தேவையில்லை. அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம், ஐயாவைக் கள்ளன் என்று திட்டவும் வேண்டாம், திட்டினால் அவவுக்குத் துணைக்கு இருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்றாகிவிடும். அந்த மாதக் காசில் பாதியை அண்ணாவின் கோப்புக்கு ஒதுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பாட்டுப் பிரதிகள், சாட்சி சொன்னவர்களின் விபரம், திகதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒரு கோப்பில் சேர்க்க நான் உதவுகிறேன், படிவம் நிரப்புவதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் கொடுத்தவற்றின் இலக்கங்கள் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் துண்டுகளே தொலைந்துபோயிருக்கின்றன.

ஐயா டின் சோதனைக்குச் சம்மதித்தால் சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வசதி. டின்களை நான் கொண்டுவருகிறேன், மோதிரத்தை நீங்கள் கொண்டுவாருங்கள். அன்றைக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். முடிவு எதுவானாலும் முதலில் நீங்கள் கேளுங்கள், பிறகு வீட்டில் வைத்து, சாப்பிட்ட பிறகு, மெதுவாகச் சொல்லுங்கள்.